பிள்ளையின் ஜெபத்தில் கேட்கும் வீடு

தென்னிந்தியத் திருச்சபையின் திருநெல்வேலி, தூத்துக்குடி–நாசரேத் திருமண்டலங்களைச் சேர்ந்த சேகரங்களில், ஞாயிறுதோறும் காலை ஆராதனைக்கு முன்போ பின்போ ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஞாயிறு பள்ளி நடைபெறுகிறது. சேகரம் என்பது ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சில சபைகளின் தொகுதி; ஞாயிறு பள்ளி என்பது அச்சபைகளின் பிள்ளைகளுக்கு மூன்று, நான்கு வயது தொடங்கித் திடப்படுத்தல் பெறும் வயதுவரை வகுப்பு பிரித்து வேதபாடம் கற்பிக்கும் அமைப்பு. கற்பிப்போர் பெரும்பாலும் ஊதியம் பெறாதவர்கள். வாரநாட்களில் பள்ளியிலோ வங்கியிலோ தையற்கடையிலோ வேலை செய்துவிட்டு, ஞாயிறன்று பிள்ளைகளால் ‘டீச்சர்’, ‘அண்ணன்’, ‘அக்கா’ என்று அழைக்கப்படுபவர்கள்.

வாரத்தின் 168 மணி நேரத்தில் ஒரு மணி நேரத்தை மட்டும் பெறும் இந்த ஆசிரியர், பிள்ளைக்கு விசுவாசத்தைக் கொடுப்பதைவிட, வீடு ஏற்கெனவே கொடுத்து அனுப்பியதைக் கேட்டறிவதே மிகுதி என்பது இப்பணியில் நெடுநாள் இருந்தோர் அனைவரும் ஒப்புக்கொள்ளும் உண்மை. மனப்பாட வசனம் ஆசிரியர் சொல்லிக் கொடுத்தது. கதை பாடப்புத்தகத்தில் உள்ளது. பாட்டு எல்லாருக்கும் தெரிந்தது. வகுப்பு முடியும்போது ‘நீ ஜெபம் பண்ணு’ என்று முன்னறிவிப்பின்றிச் சொல்லப்படும் பிள்ளை வாய்திறந்து சொல்லும் சொற்களும், அவற்றைச் சொல்லும் குரலும், அக்குரலில் உள்ள அச்சமோ உரிமையோ மட்டுமே வீட்டிலிருந்து நேராக வருபவை. மெஞ்ஞானபுரம் வட்டாரத்தின் செம்மணல் தேரியை ஒட்டிய ஒரு சபையில் நெடுங்காலம் நடுநிலை வகுப்பைக் கவனித்த ஆசிரியை ஒருவரின் அனுபவத்தை அடிப்படையாகக் கொண்டு, அந்த ஜெபங்கள் குடும்ப வாழ்க்கையைப் பற்றிக் கற்பித்தவற்றை இக்கட்டுரை தொகுத்துக் கூறுகிறது.

வீட்டின் பாடம் பள்ளிக்குப் போனது

பிள்ளைக்கு விசுவாசத்தைக் கற்பிக்கும் பொறுப்பு சபையுடையதா வீட்டுடையதா என்ற கேள்விக்குச் சீர்திருத்தத் திருச்சபைகள் தொடக்கத்தில் ஐயத்துக்கு இடமின்றி விடை கூறின. மார்ட்டின் லூத்தர் 1529-இல் வெளியிட்ட சிறிய ஞானோபதேசம், பத்துக் கட்டளைகள், விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம் ஆகியவற்றைக் குடும்பத் தலைவர் தம் வீட்டாருக்கு எளிமையாகச் சொல்லிக் கொடுக்கும் முறையில் வினாவிடையாக அமைந்தது. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க் அதனைத் தமிழாக்கினார். உபாகமம் ஆறாம் அதிகாரம் இதற்கும் முற்பட்ட சான்று: வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும், வழியில் நடக்கும்போதும், படுத்துக்கொள்ளும்போதும், எழுந்திருக்கும்போதும் பிள்ளைகளோடு கட்டளைகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று பெற்றோருக்குச் சொல்லும் அப்பகுதி குறிக்கும் நான்கு வேளைகளில் ஒன்றுகூட வகுப்பறைக்கு உரியதன்று.

ஞாயிறு பள்ளியின் தோற்றமோ வேறு தேவையால் விளைந்தது. இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் 1780-இல் ராபர்ட் ரெய்க்ஸ் தொடங்கிய முயற்சி, வாரம் முழுவதும் குண்டூசிப் பட்டறை முதலிய தொழிலிடங்களில் உழைத்து, எழுத்தறிவு பெற வாய்ப்பில்லாமல் ஞாயிறன்று தெருவில் திரிந்த ஏழைப் பிள்ளைகளுக்கானது. கற்பிக்க ஆளில்லாத பிள்ளைகளுக்கு என்று பிறந்த அந்த ஏற்பாடு, நாளடைவில் கற்பிக்க ஆள் உள்ள வீடுகளும் தங்கள் கடமையை ஒப்படைத்துவிடும் இடமாக மாறியது.

திருநெல்வேலிச் சீமையில் இந்த மாற்றத்துக்கு உள்ளூர்க் காரணமும் உண்டு. 1799-இல் முதலூர் உருவானது தொடங்கி, புதிதாக விசுவாசத்துக்கு வந்த குடும்பங்கள் ஓரிடத்தில் கூடி வாழக் கிறிஸ்தவக் கிராமங்கள் அமைந்தன. அங்கே மணியடித்துக் காலையிலும் மாலையிலும் ஊராரைக் கோவிலில் கூட்டி ஜெபம் நடத்தியவர் உபதேசியார். இவர் குருப்பட்டம் பெறாதவர். ஊரிலேயே தங்கி, கற்பிக்கவும் ஆராதனை நடத்தவும் அமர்த்தப்பட்ட ஊழியர். பதநீர்ப் பருவத்தில் ஆண்கள் விடியுமுன் பனைக்கும் பெண்கள் கருப்பட்டி காய்ச்சும் விடிலிக்கும் போய்விட்ட குடும்பங்களில், வீட்டு ஜெபத்தின் இடத்தையும் கோவில் ஜெபமே நிரப்பியது. பனைத்தொழில் சுருங்கி, குடும்பங்கள் ஆசிரியர் வேலைக்கும் நகரங்களுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பரவியபோது, நாள்தோறும் கூடும் அந்தப் பழக்கம் பல ஊர்களில் நின்றது. ஆனால் கற்பிப்பது கோவிலின் வேலை என்ற எண்ணம் மட்டும் நிற்கவில்லை.

ஜெபம் குற்றப்பத்திரிகை ஆகும்போது

பிள்ளைகளின் ஜெபங்களை ஆண்டுக்கணக்கில் கேட்ட ஆசிரியை, அவற்றைத் தோராயமாக மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டார். முதல் வகை, ‘அன்பின் பரலோகப் பிதாவே’ என்று தொடங்கிப் பெரியவர்களின் ஜெப நடையில் ‘தாரும்’, ‘வழிநடத்தும்’ என்று பிசகாமல் முடிவது. இவ்வீட்டில் ஜெபம் உண்டு, ஆனால் பிள்ளைக்கு அதில் சொந்தமாகச் சொல்ல இடம் கிடைத்ததில்லை என்பதை அது காட்டும். இரண்டாம் வகை, பேச்சுத் தமிழில், ஒழுங்கில்லாமல், ‘இயேசப்பா, எங்க ஆச்சிக்குக் கால்வலி சரியாகணும், மாடு கன்னு போடணும், அப்பா சீக்கிரம் வரணும்’ என்று ஓடுவது. வருகையாளர் யாராவது வகுப்பில் இருந்தால் ஆசிரியர்கள் இத்தகைய ஜெபத்தால் சற்றுக் கூச்சப்படுவதுண்டு. ஆனால் வீட்டில் எல்லாத் தேவைகளும் பிள்ளைகளின் காதுபடவே ஆண்டவரிடம் சொல்லப்படுகின்றன என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைப்பதரிது.

மூன்றாம் வகையே கவலைக்குரியது. நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, வகுப்புக்காக ஜெபிக்கச் சொன்னபோது கண்களை இறுக மூடி, கைகளைக் கூப்பி, ‘இயேசப்பா, இந்தப் பிள்ளைகளுக்கு நல்ல புத்தியக் குடுங்க, சொன்ன பேச்சக் கேக்க வைங்க, வாய்க்கு வாய் பேசாம இருக்க வைங்க, மத்த வீட்டுப் பிள்ளைகள் மாதிரி நல்லா படிக்க வைங்க’ என்று ஒரே மூச்சில் ஜெபித்து முடித்தாள். சொற்கள் மட்டுமின்றி, ஒவ்வொரு வேண்டுதலுக்கும் முன் விடப்பட்ட பெருமூச்சும் அவளுடைய தாயினுடையவை என்பது அந்தத் தாயை அறிந்தோர் அனைவருக்கும் விளங்கியது. வகுப்பில் சிரிப்பு எழுந்தது, ஏனெனில் பாதிப் பிள்ளைகள் அதே ஜெபத்தைத் தங்கள் வீட்டிலும் கேட்டிருந்தார்கள்.

இந்த வகை ஜெபத்தில், பெற்றோர் பிள்ளையிடம் நேராகச் சொல்ல வேண்டிய கண்டனத்தை ஆண்டவரிடம் சொல்வதுபோலப் பிள்ளைக்குக் கேட்கச் சொல்கிறார்கள். கணக்கில் குறைந்த மதிப்பெண், தம்பியை அடித்தது, மாலையில் நேரம் கழித்து வந்தது ஆகியவை உடன்பிறந்தோர் முன்னிலையில், பதில் சொல்ல வழியில்லாத ஒரு நேரத்தில், கண்ணை மூடிய நிலையில் அறிவிக்கப்படுகின்றன. வெளிப்படையான கண்டிப்புக்குப் பிள்ளை மறுமொழி கூறலாம், அழலாம், காரணம் சொல்லலாம். ஜெபத்தின் வழியே வரும் கண்டிப்புக்கு ‘ஆமென்’ மட்டுமே சொல்ல முடியும். இது பழக்கமாகிவிட்ட வீட்டில் பிள்ளை, ஆண்டவரைப் பெற்றோரின் பக்கம் நிற்கும் மேலதிகாரியாகவே அறிந்து வளர்கிறது. பின்னாளில் பெற்றோரைவிட்டு விலகும்போது அவரையும் சேர்த்தே விலக்கிவிடுகிறது.

எட்டரை மணி

குடும்ப ஜெபம் என்பது வீட்டார் அனைவரும் நாளுக்கு ஒருமுறை கூடி, ஒரு கீர்த்தனையோ பாமாலையோ பாடி, வேதபாகம் ஒன்றை வாசித்து, ஜெபித்துக் கலைவது. பல வீடுகளில் அன்றைய பகுதியைக் காட்டுவது அல்மனாக். இது திருமண்டலம் ஆண்டுதோறும் அச்சிடும் நாட்காட்டி, சுவரில் ஆணியில் தொங்கும். ஆசிரியை வீட்டுச் சந்திப்புகளில் கண்டவரையில், குடும்ப ஜெபம் நின்றுபோன வீடுகளில் விசுவாசக் குறைவு காரணமாக இருந்தது அரிது. நேரமும் நீளமுமே பெரும்பாலும் காரணம்.

நேரத்தைப் பொறுத்தவரை, இரவு எட்டு மணிக்கு மூத்த பிள்ளை டியூஷனிலிருந்து வருகிறான், எட்டரைக்குத் தொடர் நாடகம் தொடங்குகிறது, ஒன்பதுக்குச் சின்னப் பிள்ளை தூங்கிவிடுகிறது. இவற்றினிடையே எப்போதாவது நேரம் கிடைக்கும் என்று விட்டுவிட்ட வீடுகளில் ஜெபம் ஞாயிறு இரவுக்குச் சுருங்கி, பிறகு மாதக் கடைசிக்கும் ஆண்டுக் கடைசி ஆராதனைக்கும் போயிற்று. நிலைத்த வீடுகள் கடிகாரத்தைக் கைவிட்டு, ஏற்கெனவே நடக்கும் ஒரு செயலோடு ஜெபத்தை இணைத்துக்கொண்டவை: இராச்சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்து வைத்தவுடன், பாய் விரிக்குமுன். நீளத்தைப் பொறுத்தவரை, தகப்பனார் வேதபாகத்தைப் படித்துவிட்டுப் பிரசங்கமும் செய்யும் வீட்டில் பிள்ளைகள் ஜெபத்தைப் பயத்தோடு எதிர்பார்ப்பதும், ஒரே பாட்டு, பத்துப் பன்னிரண்டு வசனங்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கிய ஜெபம் என்று முடித்துவிடும் வீட்டில் பிள்ளையே ‘இன்னைக்கு நான் பாட்டு எடுக்கேன்’ என்று முந்திக்கொள்வதும் மீண்டும் மீண்டும் காணப்பட்டவை.

வளைகுடாவில் தகப்பனார் இருக்கும் குடும்பங்கள் தனியாகக் குறிப்பிடத்தக்கவை. ஊரில் இரவு எட்டரை என்பது துபாயில் ஏழு, ரியாத்தில் ஆறு. பணியிலிருந்து திரும்பும் பேருந்தில் தகப்பனார் இருக்கும் நேரம். அலைபேசியைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்துக் காணொளி அழைப்பில் அவரையும் சேர்த்துக்கொண்டு ஜெபிக்கும் வீடுகள் இன்று ஊருக்குச் சில உண்டு. அப்படி ஒரு வீட்டில், பிள்ளைகளுக்காக மட்டுமே ஜெபித்துவந்த தகப்பனார், ஒருநாள் தம் மேற்பார்வையாளரோடு ஏற்பட்ட மனக்கசப்பைச் சொல்லி, ‘நாளைக்கு நான் பொறுமையா இருக்கணும், நீங்க எனக்காக ஜெபம் பண்ணுங்க’ என்று பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறார். அடுத்த ஞாயிறு வகுப்பில் அவருடைய மகன் செய்த ஜெபத்தில் அந்த மேற்பார்வையாளரும் இடம்பெற்றார். அதன்பின் அவன் ஜெபங்கள் மனப்பாட நடையை விட்டு நீங்கின. பெற்றோர் தம் தேவையைப் பிள்ளைகள் முன் சொல்லும்போதே ஜெபம் இருசாராருக்கும் பொதுவானதாகிறது என்பதை இந்நிகழ்ச்சி விளக்கும்.

பிரம்பும் மதிப்பெண்ணும்

கண்டிப்பைப் பற்றிப் பேச்செழும்போது கிறிஸ்தவப் பெற்றோர் முதலில் எடுத்துக்காட்டுவது, பிரம்பைத் தவிர்க்கும் தகப்பனைக் குறைகூறும் நீதிமொழிகள் பதின்மூன்றாம் அதிகாரம். அதே அளவு அடிக்கடி எடுத்துக்காட்டப்படாதது, பிள்ளைகளைக் கோபப்படுத்த வேண்டாம், அவர்கள் மனந்தளர்ந்து போகும்படி நடத்த வேண்டாம் என்று பவுல் தகப்பன்மாருக்கு எபேசியர், கொலோசெயர் நிருபங்களில் கூறும் எச்சரிக்கை. ரோமச் சட்டம் குடும்பத் தலைவனுக்குப் பிள்ளைகளின் உயிர்மேலும் அதிகாரம் அளித்திருந்த காலத்தில், அதிகாரம் உடையவனை நோக்கியே எழுதப்பட்ட எச்சரிக்கை அது என்பதை மறக்கலாகாது. இந்தியாவில் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு பள்ளிகளில் உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்துள்ள நிலையில், பள்ளியில் அடிபடாத பிள்ளை வீட்டில் வேதவசனத்தின் பேரால் அடிபடுவது, வேதத்தின் மேலேயே ஓர் அச்சத்தை உண்டாக்குகிறது.

நடைமுறையில் அடியைவிட ஆழமாகப் பதிவது ஒப்பீடு. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் வாரத்தில், ‘எந்தச் சபைப் பிள்ளை எத்தனை மார்க்’ என்ற பேச்சு ஆராதனை முடிந்து வெளியே வரும் வாசலிலேயே தொடங்கிவிடுகிறது; அதிக மதிப்பெண் எடுத்தவர்களைப் பீடத்துக்கு முன் அழைத்துப் பரிசு கொடுக்கும் வழக்கமும் பல சபைகளில் உண்டு. பரிசு பெறும் பிள்ளையின் தம்பி பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். யாக்கோபு யோசேப்புக்கு மட்டும் பலவருண அங்கியைக் கொடுத்ததால் வீட்டில் விளைந்த பகையை ஆசிரியர்கள் ஒவ்வோர் ஆண்டும் கற்பிக்கிறார்கள். தானும் அன்னையின் ஓரவஞ்சனையால் தமையனோடு பகைத்து நாடுவிட்டு ஓடியவன் யாக்கோபு என்பதையும், ஒரு தலைமுறையின் காயம் அடுத்த தலைமுறையில் அதே வடிவில் திரும்பியதையும் சேர்த்துக் கற்பித்தால், பாடத்தின் பாதி பெற்றோருக்கானது என்பது புலனாகும்.

கண்டிப்பில் உண்மையான வேறுபாட்டை உண்டாக்குவது, பெற்றோர் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் வீட்டில் உண்டா என்பதே. தமிழ் வீடுகளில் இது எளிதன்று. மூத்தவர் இளையவரிடம் ‘தப்பு என் மேல’ என்று சொன்னால் மதிப்புக் குறையும் என்ற எண்ணம் கிறிஸ்தவ வீட்டுக்கும் பொது. ஆயினும், அவசரப்பட்டு அடித்துவிட்டு, விசாரித்தபின் பிள்ளை குற்றமற்றது என்று தெரிந்தும் அன்றிரவு ஜெபத்தில் மன்னிப்பைப் பற்றிப் படிக்கும் தகப்பனார், பிள்ளையின் கணக்கில் அந்த வசனத்தையே பொய்யாக்குகிறார். ‘எய்யா, காலையில நான் யோசிக்காம அடிச்சிட்டேன், மன்னிச்சிரு’ என்ற ஒரு வாக்கியம், பாவ அறிக்கை என்னும் பாடத்துக்கு ஓராண்டு வகுப்பு நடத்துவதைவிட அதிகம் செய்கிறது.

பிடியரிசியும் பத்து ரூபாயும்

கொடுக்கக் கற்பிப்பதில் பழைய வழக்கம் ஒன்று இன்றும் சில வீடுகளில் நிற்கிறது. உலையில் இடுவதற்காக அளந்தெடுத்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்து, தனியாக வைத்த பானையிலோ டப்பாவிலோ போட்டுச் சேர்த்து, ஆண்டவருக்கென்று கோவிலுக்குக் கொண்டுபோவது பிடியரிசிக் காணிக்கை. அளந்த அரிசியிலிருந்து எடுப்பதே இதன் நுட்பம். மிஞ்சியதிலிருந்து கொடுப்பதில்லை, வீட்டார் உண்ணும் அளவு அந்தப் பிடியால் சற்றுக் குறைகிறது. ஆசிரியை சென்று பார்த்த வீடொன்றில் அந்தப் பிடியை எடுக்கும் உரிமை ஐந்து வயதுப் பிள்ளைக்கு அளிக்கப்பட்டிருந்தது. தாய் முறத்தை நீட்ட, பிள்ளை விரல்களை விரித்து எவ்வளவு அள்ள முடியுமோ அவ்வளவும் அள்ளி, இரண்டு அரிசி கீழே விழுந்தால் அதையும் பொறுக்கிப் பானையில் போட்டது. சின்னக் கை என்பதால் அளவு குறையும் என்று தாய் தம் கையால் கூட்டிப் போடவில்லை.

இதற்கு மாறானது, காணிக்கைப் பை வரிசைக்கு வரும்போது தாய் முந்தானை முடிச்சிலிருந்தோ பர்ஸிலிருந்தோ பத்து ரூபாயை எடுத்துப் பிள்ளையின் கையில் திணித்துப் போடச் சொல்வது. பிள்ளை அதில் தபால்காரர் வேலையைத்தான் செய்கிறது. ஞாயிறு பள்ளியில் தனியாகக் காணிக்கை எடுக்கும் ஆசிரியர்களுக்கு, யாருடைய காசு சொந்தச் சேமிப்பு, யாருடையது வாசலில் கொடுத்தது என்பது போடும் கையின் தயக்கத்திலேயே தெரியும். சொந்தக் காசைப் போடும் பிள்ளை ஒரு நொடி அதைப் பார்க்கும். வாரம் ஐந்து ரூபாய் கைச்செலவுக்குக் கொடுத்து, அதில் எவ்வளவு காணிக்கை என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும் என்று விட்ட வீடுகளில், சில வாரம் காணிக்கை வரவில்லை. வந்த வாரங்களில் அது கொடுத்தலாக இருந்தது.

திடப்படுத்தலின் வயது

குழந்தைப் பருவத்தில் ஞானஸ்நானம் பெற்றபோது ஞானப்பெற்றோர், அதாவது பிள்ளையின் விசுவாச வளர்ச்சிக்குப் பொறுப்பேற்று நிற்போர், பிள்ளைக்காகக் கூறிய வாக்குறுதிகளைப் பிள்ளை தன் வாயால் ஏற்றுக்கொள்வதும், பேராயர் தலையில் கைவைத்து ஜெபிப்பதும் திடப்படுத்தல். இதற்கான ஆயத்த வகுப்பில் சேரும் பதின்வயதினர், பாடத்தைக் காட்டிலும் வீட்டைப் பற்றிய கேள்விகளையே மிகுதியாகக் கொண்டு வருகிறார்கள்.

அவற்றுள் முதலாவது நேரம் பற்றியது. ஞாயிறு காலையில் நடக்கும் நீட் பயிற்சி வகுப்புக்கு அனுப்பிவிட்டு, ‘பரீட்சை முடியட்டும், அப்புறம் கோவிலுக்குப் போகலாம்’ என்று சொல்லும் பெற்றோரிடமிருந்து, எது முந்தியது எது பிந்தியது என்ற வரிசையைப் பிள்ளை துல்லியமாகக் கற்றுக்கொள்கிறது. கல்லூரியில் சேர்ந்தபின் அதே வரிசையைக் கடைப்பிடிக்கும்போது பெற்றோர் வருந்துகிறார்கள். இரண்டாவது, சபைப் பிரிவு பற்றியது. பெந்தெகொஸ்தே சபைக்குச் செல்லும் சித்தியோ மாமாவோ, குழந்தை ஞானஸ்நானம் செல்லாது, முழுக்கு ஞானஸ்நானம் எடுக்க வேண்டும் என்று பிள்ளையிடம் தனியாகச் சொல்ல, வீட்டில் அதைப் பற்றிப் பேச்செடுத்தால் சண்டை மூளுமென்று பிள்ளை வகுப்பில் கேட்கிறது. இதற்கு ஆசிரியர் தரும் இறையியல் விளக்கத்தைவிட, ‘உன்னை ஏன் குழந்தையிலேயே கொண்டு போனோம்’ என்று தாய்தகப்பன் தம் மனநிலையைச் சொல்வதே பிள்ளைக்கு வேண்டியது.

மூன்றாவது, சாதி. கோவில் பிரதிஷ்டைப் பண்டிகையில் ஊரார் அனைவரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணும் அசனத்தைப் பிள்ளைகள் சிறுவயது முதல் கண்டு மகிழ்ந்தவர்கள். கிறிஸ்துவுக்குள் பேதமில்லை என்று கலாத்தியர் மூன்றாம் அதிகாரத்தை மனப்பாடம் செய்து பரிசு வாங்கியவர்கள். அக்காவுக்கு வரன் பேசும்போது, முதல் கேள்வி ‘நம்ம ஆளுகளா?’ என்பதாக இருப்பதையும் அவர்களே கேட்கிறார்கள். ஆயத்த வகுப்பில் ஒரு மாணவன், ‘பரீட்சையில எழுதினா மார்க் குடுக்கீங்க, வீட்ல சொன்னா அடிக்காங்க’ என்றபோது, ஆசிரியையிடம் அதற்கு மறுமொழி இல்லை. மறுமொழி தரவேண்டிய இடமும் அவ்வகுப்பன்று. லூக்கா இரண்டாம் அதிகாரத்தில், பன்னிரண்டு வயது இயேசுவின் விடை தமக்கு விளங்காதபோதும் மரியாள் அதை அதட்டி அடக்காமல் மனத்தில் வைத்துக்கொண்டாள் என்பது, பதின்வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு இந்த இடத்தில் பயன்படும் முன்மாதிரி. கேள்வியை விசுவாசக் குறைவென்று தண்டித்த வீடுகளின் பிள்ளைகள், பேராயர் முன் முழங்காற்படியிட்ட மறு ஆண்டே பின்வரிசைக்குப் போய், அங்கிருந்து வாசலுக்குப் போனார்கள்.

ஊழியர் வீடு

பிறர் பிள்ளைகளுக்குக் கற்பிப்போரின் வீடு இவ்விதிகளுக்கு விலக்கன்று. சில வேளைகளில் கடுமையாக உட்பட்டது. முதலாம் சாமுவேல் நூலில், ஆண்டவரின் குரலை அடையாளம் காணச் சிறுவன் சாமுவேலுக்குக் கற்பித்த அதே ஏலி, தன் இரு குமாரரை அடக்கத் தவறியவனாகக் காட்டப்படுகிறான். பின்னர் சாமுவேலின் குமாரரும் பரிதானம் வாங்குகிறார்கள். ஞாயிறு காலை பிற பிள்ளைகளுக்காகப் படங்களும் அட்டைகளும் தயாரிக்கும் அவசரத்தில் சொந்தப் பிள்ளையின் சட்டைப் பொத்தானை யாரும் போட்டுவிடாத வீடுகள், குருவானவர் பிள்ளை என்பதாலேயே எல்லாப் போட்டியிலும் மேடையேற்றப்பட்டுச் சலித்துப்போன பிள்ளைகள் ஆகியவை சேகரங்களில் எல்லாரும் அறிந்து பேசாத செய்திகள். ஊழியத்துக்கு இல்லை என்று சொல்லும் ஒரு மாலையை வாரத்தில் ஒதுக்கி வைத்த ஊழியர்களின் வீடுகளே இதில் தப்பின.

அறிந்ததும் சொல்லத்தகாததும்

பிள்ளையின் ஜெபத்தில் வீடு கேட்கும் என்றால், கேட்டதை ஆசிரியர் என்ன செய்வது என்ற கேள்வி எஞ்சுகிறது. ‘அப்பா குடிச்சிட்டு அம்மாவ அடிக்கக் கூடாது இயேசப்பா’ என்று பிள்ளை ஜெபித்ததை ஆசிரியர் தாயிடம் சொன்னால், அன்று மாலையே அது பிள்ளைக்கு எதிரான குற்றச்சாட்டாகத் திரும்பும். அடுத்த ஞாயிறு முதல் அந்தப் பிள்ளை மனப்பாட ஜெபத்துக்குள் ஒளிந்துகொள்ளும். ஆகவே வகுப்பில் பிள்ளை ஜெபித்தது வகுப்பைத் தாண்டக்கூடாது என்பதை இப்பணியின் எழுதப்படாத சட்டமாகக் கொள்ள வேண்டும். இதற்கு ஒரே விலக்கு, பிள்ளைக்கு உண்மையான ஆபத்து இருப்பது. குறிப்பாக, 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டம் பிள்ளைகள்மீதான பாலியல் குற்றம் நிகழ்ந்ததையோ நிகழக்கூடும் என்பதையோ அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியுள்ளது. சபையின் மானம், குடும்பத்தின் பெயர் என்பவற்றுக்காக அதை ஜெபத்தோடு முடித்துக்கொள்ள ஆசிரியருக்கோ குருவானவருக்கோ உரிமையில்லை.

மற்றவற்றில் ஆசிரியர் செய்யத்தக்கது வீட்டுக்குச் செல்வது. புகாரோடும் மதிப்பெண் பட்டியலோடும் செல்லாமல், பாய் விரிக்கும் நேரத்தில் சென்று, அந்த வீட்டாரோடு ஒரு குடும்ப ஜெபத்தில் உட்கார்ந்து, ‘இன்னைக்குப் பிள்ளைகள் முதல்ல ஜெபம் பண்ணட்டும், நாம கேப்போம்’ என்று பெற்றோரிடம் சொல்லிப் பார்க்கலாம். ஆண்டுக்கணக்காக வகுப்பறையில் ஆசிரியர் மட்டும் கேட்டுவந்ததை அப்போது பெற்றோரே நேராகக் கேட்கிறார்கள். தங்கள் சொற்கள் தங்கள் பிள்ளையின் வாயிலிருந்து திரும்பி வருவதை அடையாளம் காண்கிறார்கள். அவ்வாறு கேட்ட தாய்தகப்பன்மாரில் எல்லாரும் மாறவில்லை. மாறியவர்கள், வேறொருவர் அறிவுரையால் மாறவில்லை என்பதால், மறுபடியும் பழைய வழிக்குத் திரும்பியது குறைவு. ஞாயிறு பள்ளி, வீட்டின் வேலையை வீட்டிடமே திருப்பிக் கொடுக்கும் அளவுக்கே தன் வேலையைச் செய்து முடிக்கிறது.